வரிசையில் இரண்டாவது

மனைவியிடமிருந்து வந்த போனை அவர் இரண்டு முறை கட் செய்தார். மூன்றாவது முறை அது அடித்ததே அவருக்குத் தெரியாது. காதில் ஹெட்ஃபோன், கண் கணினித் திரையில். அவர் பணம் போட்டிருந்த லிஃப்ட் கம்பெனியின் காலாண்டு முடிவுகளைப் பற்றி அதன் நிர்வாக இயக்குநர் முதலீட்டாளர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட நேரத்தில் வீடு இடிந்து விழுந்தாலும் மனிதர் நாற்காலியை விட்டு அசையமாட்டார். கேள்வி கேட்பதற்கும் முன்கூட்டியே பெயரைப் பதிந்து வைத்திருந்தார்.

பேங்க் வேலையை விட்டுவிட்டு, வீட்டில் உட்கார்ந்து பங்கு வாங்குகிறவர் அவர். சூதாட்டம் என்று யாராவது சொல்லிவிட்டால் பொல்லாத கோபம் வரும். ஒரு கம்பெனியைப் போட்டிக்காரன் ஏன் அசைக்க முடியாது, அதன் வாடிக்கையாளர் ஏன் விட்டுப் போகமாட்டார் என்று மாதக்கணக்கில் தோண்டித் துருவிய பிறகுதான் காசை வெளியே எடுப்பார். அந்தப் பாதுகாப்புக்கு அவர் சொல்லும் பெயர் அகழி. கோட்டையைச் சுற்றித் தண்ணீர் நிற்குமே, அது. கல்யாண வீட்டில் உட்கார்ந்தாலும் அகழிப் பேச்சுதான். மச்சினன் அவருக்கு அகழிக்காரர் என்று பட்டமே கட்டிவிட்டான். வெளியே முறைத்தாலும் அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

லிஃப்ட் கம்பெனிக்கு இருந்ததைப் போல ஆழமான அகழியை அவர் பார்த்ததே இல்லை. ஒரு கட்டடத்தில் அவர்களுடைய லிஃப்டை மாட்டிவிட்டால் அதோடு முடிந்தது கதை. கதவைத் திறக்கும் சாவி அவர்களிடம் மட்டும். கண்ட்ரோல் பெட்டிக்கு ரகசிய எண். இதை உறுதி செய்துகொள்ள அவரே ஊரிலிருந்த மற்ற மெக்கானிக்குகளுக்கெல்லாம் போன் போட்டார். "அந்த லிஃப்டா, நாங்க கை வைக்க முடியாது சார்" என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல அவருக்குக் குஷி தாங்கவில்லை. சேமிப்பில் பாதிக்கு மேல் அதில் போட்டார். குடியிருந்த கட்டடத்திலும் அதே லிஃப்ட்தான். ஏறும்போதெல்லாம் அதன் சுவரைத் தட்டி, நம்ம லிஃப்ட் என்பார்.

"வெளிய இருக்கறவங்க உள்ள வர முடியாதுங்கறது சரி," என்று மனைவி ஒருநாள் கேட்டாள். "உள்ள இருக்கறவங்க வெளிய போகணும்னா?"

"போக முடியாது. அதுதாம்மா அதோட விசேஷமே."

இப்போது வீட்டுக் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். எரிச்சலோடு ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுத் திறந்தார். மூன்றாம் மாடித் தையல்காரப் பெண் மூச்சிரைக்க நின்றிருந்தாள்.

"அண்ணா, அக்கா லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்க. உங்களைக் கூப்பிட்டுப் பாத்தாங்களாம், நீங்க எடுக்கலையாம். இப்ப அவங்களால பேசவே முடியலண்ணா."

அவர் மனைவிக்கு ஆஸ்துமா. மூடிய அறையும் பயமும் சேர்ந்தால் போதும், இழுக்க ஆரம்பித்துவிடும். செருப்புகூடப் போடாமல் படியிறங்கினார். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றிருந்தது. காவலாளி இரும்புக் கம்பியை வைத்து நெம்பிப் பார்த்துத் தோற்றுப் போயிருந்தார். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியாயிற்று, வண்டி வேறொரு விபத்துக்குப் போயிருக்கிறதாம். கதவில் காதை வைத்தார். உள்ளே பேச்சு இல்லை. விசில் போல மெல்லிய ஓர் இழுப்பு, சற்று நின்று இன்னொன்று. கல்யாணமான நாளிலிருந்து கேட்ட சத்தம்தான். இவ்வளவு மெலிந்து அதை அவர் கேட்டதில்லை.

லிஃப்டின் உதவி எண்ணை அழுத்தினார். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. உங்கள் பகுதிக்கான வரிசையில் நீங்கள் இரண்டாவதாக இருக்கிறீர்கள்," என்றது ஒரு பெண் குரல். பிறகு சங்கீதம். மறுபடி அதே குரல், அதே இரண்டாவது. வரவேண்டிய மெக்கானிக் ஏன் வரவில்லை என்பது அங்கே நின்றவர்களில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். போன வருஷம் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. இந்தப் பகுதி முழுவதற்கும் ஒரே ஒரு மெக்கானிக். எவ்வளவு தாமதமானாலும் எந்தக் கட்டடமும் விட்டுப் போகவில்லை, லாபம் ஏறியது. ஆண்டறிக்கையில் அந்த வரிக்குப் பக்கத்தில் பச்சை மையில் டிக் அடித்தவரே அவர்தான்.

போனைத் தையல்காரப் பெண்ணின் கையில் திணித்துவிட்டு, இன்ஹேலரை எடுக்க மேலே ஓடினார். கதவிடுக்கில் அது நுழையாது என்று தெரியும். கையில் அதுவாவது இருக்கட்டும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். அது கணினிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அதை எடுக்கும்போது, கழற்றி வைத்த ஹெட்ஃபோனிலிருந்து கொசு ரீங்காரம் போல ஒரு குரல் கேட்டது. அடுத்த கேள்வி ஒரு தனி முதலீட்டாளரிடமிருந்து என்று அவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பராமரிப்புச் செலவை இவ்வளவு அழகாகக் குறைத்தது எப்படி என்பதுதான் அவர் கேட்க நினைத்திருந்த கேள்வி. ஹெட்ஃபோனைப் பிடித்து வாயருகே கொண்டுபோனார்.

"சார், என் மனைவி உங்க லிஃப்ட்ல மாட்டிக்கிட்டிருக்கா. ஆஸ்துமா பேஷண்ட். செத்துடுவா சார். உங்க ஹெல்ப்லைன் எடுக்க மாட்டேங்குது."

நூற்றுக்கணக்கான முதலீட்டாளர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது இந்த அழைப்பைத் துண்டிக்க முடியாது என்று அந்தக் கலவரத்திலும் அவருக்குப் புரிந்தது. பங்கு விலை இந்நேரம் சரியத் தொடங்கியிருக்கும் என்பதும் புரிந்தது. அந்த நினைப்பு வந்ததற்கே அவருக்குத் தன்மேல் பயமாக இருந்தது.

"அட்ரஸ் சொல்லுங்க," என்றார் நிர்வாக இயக்குநர்.

மெக்கானிக் வந்துவிட்டார். காவலாளி நம்பாமல் பார்க்குமளவுக்குச் சீக்கிரம். சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, மேலே ஓடி என்னவோ திருகினார், கீழே இறங்கி சாவியை நுழைத்தார், கதவு முனகிக்கொண்டு விலகியது. அவள் மூலையில் சரிந்து உட்கார்ந்திருந்தாள், உதடு நீலம் பாய்ந்து. இவர் உள்ளே குதித்து இன்ஹேலரை அவள் வாயில் வைத்தார். ஒன்று, இரண்டு. மூன்றாவது இழுப்பில் அவள் கண்ணைத் திறந்தாள். இவருக்குப் போன உயிர் திரும்பியது. எல்லாருக்கும் எதிரிலேயே ஓவென்று அழுதார்.

எல்லாருமாக அவளைத் தூக்கிப் படியில் உட்காரவைத்தார்கள். மெக்கானிக் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கத் திரும்பினார்.

"கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்க தம்பி," என்றார் இவர்.

"இல்ல சார், ஆஸ்பத்திரி ரோட்டுல ஒரு பெரியவர் லிஃப்ட்ல இருக்கார். பாதி வேலைல இருந்தேன். எம்.டி.யே லைன்ல வந்து, அதை அப்படியே விட்டுட்டு இங்க ஓடுன்னுட்டார்." மெக்கானிக் ஒரு படி இறங்கி நின்றார். "நான் அங்க போய்ச் சேந்தப்பக்கூட அந்தப் பெரியவர் ஹெல்ப்லைனை வைக்கல சார். போனைக் காதுலயே வச்சுக்கிட்டு, யாரோ எடுப்பாங்கன்னு பேசிக்கிட்டே இருந்தார்."

மனைவியின் கை இவருடைய கையைப் பிடித்தது. பிடித்த வேகத்தில் நகம் பதிந்தது. அவள் மெக்கானிக்கைப் பார்த்து, போங்க போங்க என்று தலையை ஆட்டினாள். அவர் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார்.

தையல்காரப் பெண்ணின் கையில் போன் இன்னும் பாடிக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கட் செய்திருக்கவில்லை. முதலாவதாக இருந்தவர் யார் என்று இவ்வளவு நேரம் இவர் ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை. கீழே மெக்கானிக் பைக்கை உதைக்கும் சத்தம் கேட்டது. வண்டி இன்னும் கிளம்பவில்லை.

சங்கீதம் நின்றது. "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது," என்றது அந்தப் பெண் குரல். "உங்கள் பகுதிக்கான வரிசையில் நீங்கள் முதலாவதாக இருக்கிறீர்கள்."