ஆறாம் மாடி வீட்டின் ஓனர்

கொட்டாஞ்சேனையில் வாங்கிய வீட்டைச் சிவபாலன் முதன்முதலாக நேரில் பார்க்கப் போனபோது, அதை வாங்கிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

முப்பத்தொரு வருடமாகக் கனடாவில் இருக்கிறவர். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. அங்கே வீடு வாங்க வழியில்லாமல் போய், இன்றைக்கும் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மன்டில் வாடகைக்குத்தான் இருக்கிறார். வயதான காலத்தில் மாதாமாதம் ஏதாவது வரட்டும் என்று சேமிப்பு முழுவதையும் கொழும்பில் போட்டார். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் நாலாம் மாடிக்குக் கீழே வாங்க முடியாது என்று சட்டத்தரணி சொன்னார். வெள்ளவத்தை விலை எட்டாத விலை. கடைசியில் கொட்டாஞ்சேனையில், ஆறாம் மாடியில், இரண்டு அறை வீடொன்று அகப்பட்டது. போனில் படம் பார்த்தே வாங்கினார். ஆட்களைக் குடியமர்த்துவது, வாடகை வாங்கி வங்கியில் போடுவது எல்லாம் தரகர் ஜெனிஸ்டன் பொறுப்பு.

தங்கை மகளின் கல்யாணத்துக்கென்று கொழும்பு வந்தவர், வெள்ளவத்தையில் தங்கை வீட்டில் தங்கியிருந்தார். "அண்ணை இப்ப வீட்டுக்காரர்" என்று தங்கை வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னாள். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. நாலாம் நாள் காலை, முடி வெட்டி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார்.

ஜெனிஸ்டன் கட்டட வாசலில் மோட்டார் சைக்கிளோடு நின்றான்.

"அங்கிள், ஓனர் எண்டு மட்டும் சொல்லிராதீங்க. சொன்னா வாடகைக்கு இருக்கிற மனிசி பிடிச்சு வச்சு முறைப்பாடு சொல்லும். வெலுவேஷனுக்கு, வீட்ட விலை மதிக்க வந்த சேர் எண்டு நான் சொல்றன்."

"அப்பிடிச் சொல்ல வேணுமோ?"

"பத்து நிமிஷ வேல அங்கிள். பாத்திட்டு இறங்கிருவோம்."

சிவபாலன் ஓமென்று தலையாட்டினார். முறைப்பாடு என்னவென்று அவருக்குத் தெரியும். அதனால்தான் உடனே ஒத்துக்கொண்டார்.

கதவைத் திறந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். பெயர் பேர்ணடெற். பக்கத்துப் பாடசாலையொன்றில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறாள் என்று வாடகை ஒப்பந்தத்தில் படித்திருந்தார். ஜெனிஸ்டன் சொன்ன பொய்யை அவள் அப்படியே நம்பினாள். விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டு, இஞ்சி போட்ட தேத்தண்ணி கொண்டுவந்தாள். அந்த நேரம் கீழே யாரோ வாகனத்தை எடுக்கச் சொல்லிக் கூப்பிட, ஜெனிஸ்டன் இறங்கிப் போனான்.

"சேர், நல்ல நேரம் வந்தீங்க. இந்த அறைய ஒருக்கா பாருங்க. உங்கட ரிப்போட்ல எழுதுங்க" என்றாள் அவள்.

படுக்கையறைச் சுவர் தரையிலிருந்து நெஞ்சுயரத்துக்குக் கறுத்துப் பூத்திருந்தது. குளியலறைக் குழாய் சுவருக்குள்ளே வெடித்துத் தண்ணீர் ஊறுகிறது என்றாள். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளி நடு அறையில் போட்டிருந்தார்கள். தலைமாட்டில் ஒரு இன்ஹேலர் கிடந்தது.

"என்ட புருஷனுக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுக்கும். ஹாபர்ல வேல. இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் இவ்வளவு கூட. ராவெல்லாம் ஹோல்ல கதிரையில இருந்துதான் தூங்குறாரு."

சிவபாலன் சுவரைத் தொட்டுப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதே சுவரின் படம் மூன்று தரம் அவருக்கு வந்திருந்தது. மூன்று தரமும் சரியாகப் பார்க்காமல் பெருவிரலால் தள்ளிவிட்டார்.

"ஓனரிட்டச் சொல்லேல்லையோ?" என்று கேட்டார். ஏன் கேட்டோம் என்று உடனே நெஞ்சு சுட்டது.

"சொல்லாம இருப்பமா சேர்? அவரு சொன்ன பதில ஜெனிஸ்டன் தம்பி அப்பிடியே எனக்கு அனுப்பிட்டாரு. தன்னில பிழையில்ல எண்டு காட்ட. கேளுங்களேன்."

வேண்டாம் என்று சொல்லச் சிவபாலன் வாயெடுப்பதற்குள் அவள் போனில் குரல்பதிவை அழுத்திவிட்டாள்.

"இஞ்ச பார் தம்பி, இவ்வளவு தூரத்தில இருந்து நான் குழாய் திருத்தேலாது. சுவர் ஈரமெண்டா கட்டிலைத் தள்ளிப் போடச் சொல்லு. விருப்பமில்லாட்டி வீட்டை விட்டு எழும்பட்டும். கொழும்பில ஆக்களுக்கோ பஞ்சம்?"

சிவபாலனின் அதே குரல் ஈரச் சுவர்களுக்கிடையில் தெளிவாகக் கேட்டது. அதை அனுப்பிய நாள் அவருக்கு நினைவிருந்தது. ஸ்காபரோ வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் வாடகையைக் கூட்டியிருந்தார். அவரிடம் வாய் திறக்க முடியாத கோபத்தை, வண்டிக்குள் இருந்தபடி, முகம் தெரியாத இந்தக் குடும்பத்தின்மேல் கொட்டியிருந்தார்.

பேர்ணடெற் போனைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. மெல்ல, காது வரைக்கும் சிவந்தது. அவர் செய்த காரியத்துக்கு அவள்தான் வெட்கப்பட்டதுபோல் இருந்தது.

"தேத்தண்ணி ஆறுது சேர்" என்று அவரை ஹோலில் கொண்டுவந்து இருத்தினாள்.

அந்த நேரம் ஜெனிஸ்டன் மூச்சிரைக்க ஏறி வந்தான். "சேர் எல்லாம் பாத்திட்டாரா அக்கா?"

"பாத்திட்டாரு தம்பி. வெலுவேஷன் சேர் எல்லாம் பாத்திட்டாரு."

அவரைக் காட்டிக்கொடுக்காமல் அவள் அந்தப் பொய்யைத் தாங்கிப் பிடித்தது சிவபாலனுக்குத் தாங்கவில்லை. ஏசியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார்.

"பிள்ளை, நான்தான் ஓனர்."

"தெரியும் சேர்" என்றாள் அவள், அவரைப் பார்க்காமல்.

ஜெனிஸ்டன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். சிவபாலன் அவனைப் பேசவிடவில்லை. அன்றைக்கே குழாய்க்காரரைக் கூப்பிடச் சொன்னார். மறுநாள் சுவரை உடைத்தார்கள். தங்கை வீட்டில் கல்யாணப் பலகாரம் சுட்டுக்கொண்டிருக்க, அவர் மூன்று நாளும் கொட்டாஞ்சேனையில் சீமெந்துத் தூசுக்குள் நின்றார். மூன்றாம் நாள், ஒரு வருடத்துக்கு அரைவாசி வாடகை தந்தால் போதும் என்று பேர்ணடெற்றிடம் சொன்னார்.

"நன்றி சேர். நாங்க கிராண்ட்பாஸ்ல வீடு பாத்து அட்வான்ஸ் குடுத்திட்டம். நீங்க வாறதுக்கு முந்தியே. ரிப்போட்ல எழுதச் சொன்னது பிறகு வாறவங்களுக்காக."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ பிள்ளை."

அவள் பாடசாலைக்கு நேரமாகிவிட்டதென்று குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை அவர்கள் சாமான் ஏற்றினார்கள். வரச்சொல்லி யாரும் கேட்கவில்லை. சிவபாலன் தானாகவே போனார். லிஃப்டுக்குள் கொள்ளாத பெரிய மெத்தையின் ஒரு பக்கத்தைப் பிடித்து மாடிப்படியில் இறக்கினார். மறுபக்கம் பேர்ணடெற்றின் கணவர் பிறெடி. பகலில் அவர் ஹாபர் வேலைக்குப் போய்விடுவதால் அதுவரை அவர்கள் சந்தித்ததில்லை. நாலாம் மாடி வளைவில் பிறெடி நின்று மூச்சு வாங்கினார்.

"பெரிய உதவி அங்கிள். இந்த வயசில ஏன் கஷ்டப்படுறீங்க? யாரு, பேர்ணடெற்ட ஸ்கூல் ஆளா?"

மேலிருந்து வாளியோடு இறங்கி வந்துகொண்டிருந்த பேர்ணடெற், "இவருதான் ஓனர்" என்றாள்.

பிறெடி சிவபாலனைப் பார்த்தார். முகத்தில் கோபம் வரவில்லை. மெத்தையைச் சுவரில் சாய்த்து, அவருடைய கையை மெதுவாக விலக்கினார்.

"விடுங்க சேர். நான் கொண்டு போறன்."

மெத்தையை முதுகில் சுமந்து, படிக்குப் படி நின்று இளைத்து, அவர் தனியாகவே இறங்கினார். அந்த இளைப்புக் கீழ்த்தளம் வரை கேட்டது. சிவபாலன் நாலாம் மாடி வளைவில், வெறுங்கையோடு, சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டு நின்றார்.