நூற்றிருபது வோல்ட்

பக்கத்து வீட்டுச் சுந்தரமூர்த்தியின் போர்ட்டிகோவில் நின்றிருந்த அந்தச் சிவப்பு மெஷினின் வயிற்றருகே குனிந்தபோதுதான் பட்டாபிராமன் அந்தத் தகட்டைப் பார்த்தார். கட்டைவிரல் அகலம்கூட இல்லாத அலுமினியத் தகடு. அதில் எறும்பு ஊர்ந்தது போலப் பொடி எழுத்து. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்தார். நூற்றிருபது வோல்ட். வருஷக்கணக்காக நெஞ்சில் கட்டியாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று அந்த நிமிஷம் உருகி, தொண்டை வழியாகத் தித்திப்பாக இறங்கியது.

"என்ன சார், குனிஞ்சவரு எந்திரிக்கவே இல்லை? இடுப்பு புடிச்சுக்கிச்சா?" என்றார் மேனேஜராக இருந்து ரிடையரான சுந்தரமூர்த்தி.

"இல்லை மேனேஜர் சார். பெயிண்ட் என்னமா வழவழன்னு இருக்குன்னு பார்த்தேன்."

"அமெரிக்கா சார். பறக்காது, பாயாது. புல்லை மட்டும் வெட்டும்."

பட்டாபிராமன் பல் தெரியச் சிரித்தார். சுந்தரமூர்த்தியின் மனைவி பாமா கொண்டுவந்து வைத்த கேசரியை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக வாங்கிச் சாப்பிட்டார். எதிரி வீட்டுக் கேசரியில் இவ்வளவு நெய் இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

மெஷின் வந்த கதை இது. சுந்தரமூர்த்தியின் மகன் சந்துரு நியூ ஜெர்சியை விட்டு, புனேயில் ஹிஞ்சேவாடிக் கம்பெனி ஒன்றுக்குத் திரும்பி வந்தான். சோபா, கட்டில், பிரிட்ஜ், கரண்டி என்று ஒரு சமஸ்தானத்தையே கப்பலில் ஏற்றி அனுப்பினான். புல் வெட்டும் மெஷினும் அதில் வந்துவிட்டது. அவன் குடியேறியதோ வாகட்டில் ஆறாவது மாடி. அங்கே புல் என்றால் பால்கனியில் விரித்த பச்சை நைலான் பாய்தான். அதனால் மெஷின் நிக்டியில் இருந்த அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தது. விஜயதசமியன்று மாலை போட்டுப் பொட்டு வைத்து, காலனி முன்னிலையில் ஓட்டுவதாக ஏற்பாடு.

பட்டாபிராமனின் கட்டி வந்த கதை வேறு. அந்த வரிசையில் வீட்டுக்கு வீடு முன்னால் ஒரு துண்டுப் புல்தரை உண்டு. மழைக்காலத்தில் நிக்டிப் புல் வளரும் வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டார்கள். காது கொடுத்தால் வளரும் சத்தம் கேட்கும். பால்காரன் ஒருவன் கேட்டைத் திறந்து உள்ளே போனவன் மத்தியானம்தான் வெளியே வந்தான் என்றுகூடப் பேச்சு. தோட்டக்காரன் நினைத்தால் வருவான். சொசைட்டிக்குச் சொந்தமான தள்ளுவண்டி மெஷின் ஒன்று உண்டு. அதைத் தள்ளினால் புல் படுக்கும், மனிதனும் படுப்பான். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் எலெக்ட்ரிகல் போர்மேனாக இருந்து ரிடையரான பட்டாபிராமனுக்கு இது பொறுக்கவில்லை. பழைய வாஷிங் மெஷின் மோட்டாரைக் கழற்றினார். மூன்று சக்கர சைக்கிளின் சக்கரங்களைப் பூட்டினார். பிளேடுக்கு மேல்மூடியாக மனைவி ருக்மிணியின் தோசைக்கல்லைக் கவிழ்த்தார். காலனிக் கிழவர் எவரும் ஒரு கையில் காபி டம்ளரோடு மறு கையால் புல் வெட்டலாம் என்பது அவர் கனவு.

சுதந்திர தினத்தன்று, கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு அதை ஓட்டிக் காட்டினார். நன்றாகத்தான் ஓடியது. நாவிதர் கையில் தலை மாதிரி புல் சரசரவென்று இறங்கியது. ஸப்னிஸ் கைகூடத் தட்டினார். அவர் சொசைட்டி சேர்மன், சாமானியமாகக் கை தட்டுகிறவர் இல்லை. அப்போது ஒரு நட்டு கழன்றது. தோசைக்கல் எழும்பிக் கொடிக்கம்பத்தை ஒரு பிரதட்சிணம் வந்து, சுந்தரமூர்த்தியின் புத்தம்புது மாருதி பானெட்டில் சாஷ்டாங்கமாக விழுந்தது. செக்ரெட்டரியான சுந்தரமூர்த்தி கையில் மைக். "பாயியோ, ஆஜ் கா நாஷ்தா, தோசா!" என்று இன்றைய டிபன் தோசை என ஹிந்தியில் அறிவித்தார். காலனி சிரித்த சிரிப்பில் கொடி தானாகப் பறந்தது. அடுத்த கூட்டத்திலேயே வீட்டில் செய்த மெஷின்களுக்குத் தடை. அன்றுமுதல் வரிசையிலுள்ள மராட்டிக் குழந்தைகளுக்கெல்லாம் பட்டாபிராமன் 'தோசா காகா', தோசை மாமா. முப்பது வருஷ போர்மேன் உத்தியோகம் ஒரு தோசைக்கல்லில் போய்விட்டது.

"சொல்லிட்டேளா?" என்றாள் ருக்மிணி, விஷயத்தைக் கேட்டதும்.

"எதை?"

"அந்த வோல்ட்டை."

"கேசரி எப்படி இருக்குன்னு கேட்டா, சொன்னேன். வோல்ட் எப்படி இருக்குன்னு யாரும் கேக்கலையே!"

"ஏன்னா, நம்மாத்துக் கரண்ட் அதுக்கு ரெட்டிப்பாச்சே, மோட்டார் எரிஞ்சு போயிடாதோ?"

"எரியும். பொசுங்கும். புகை தேஹு ரோடு வரைக்கும் தெரியும். நான் முதல் வரிசைல நாற்காலி போட்டுண்டு உக்காரப் போறேன்."

"என் தோசைக்கல்லுக்கு நான் யாரைப் பழி வாங்கறது?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள். அவர் காதில் அது விழவில்லை. அவர் காதில் அப்போது பட்பட்டென்று ஒரு மோட்டார் வெடித்துக்கொண்டிருந்தது.

விஜயதசமி காலையில் பட்டாபிராமன் எண்ணெய் தேய்த்துக் குளித்து, பெண் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுக்கரை வேட்டியைக் கட்டிக்கொண்டு போனார். மெஷின் கல்யாண மாப்பிள்ளை மாதிரி செவ்வந்தி மாலையோடு புல்லில் நின்றது. ஸப்னிஸ் வந்துவிட்டார். வரிசையே வந்துவிட்டது. அந்த ஊர் தசரா வழக்கப்படி ஒருவருக்கொருவர் ஆப்டா மரத்து இலையைத் தங்கம் என்று நீட்டிக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுந்தரமூர்த்தி இவர் கையிலும் ஓர் இலையை வைத்தார். "சோனே க்யா, தங்கம் வாங்கிக்குங்க, பட்டாபி சார்." மறு கையில் ஆரஞ்சு நிற ஒயர்ச் சுருள்.

"சந்துரு குடுத்த அடாப்டர்ல இந்த ஒயரு நிக்கவே மாட்டேங்குது சார். கழண்டு கழண்டு விழுகுது. அவன் லாப்டாப்புக்கு என்னமோ நல்லாத்தான் நிக்குது. அதனால நம்மூரு பிளக் ஒண்ணு வாங்கி வெச்சிட்டேன். நீங்க எலெக்ட்ரிகல் ஆளு. உங்க கையால மாட்டிக் குடுங்க." பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "பயப்படாதீங்க, இதுல தோசைக்கல் இல்லை" என்று ஹிந்தியில் சொன்னார். வரிசை சிரித்தது. குழந்தைகள் 'தோசா காகா' என்று ராகம் போட்டார்கள்.

பட்டாபிராமன் படியில் உட்கார்ந்தார். பாக்கெட்டிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். அமெரிக்கப் பிளக்கை வெட்டி எறிந்து, மூன்று கம்பிகளைச் சீவினார். கறுப்பு, வெள்ளை, பச்சை. கறுப்பை முறுக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. மாட்டலாம். மாட்டினால் புகை வரும். புகை வந்தால் காலனி சுந்தரமூர்த்தியையா பார்க்கும்? யார் மாட்டினது என்று கேட்கும். தோசா காகா தொட்டார், அமெரிக்காவே எரிந்தது என்று ஜன்மத்துக்கும் சொல்லிச் சிரிக்கும். சரி, உள்ளதைச் சொல்லிவிடலாமா? சொன்னால் மெஷின் பிழைக்கும், சுந்தரமூர்த்தியும் பிழைப்பார். தோளில் தட்டி ஒரு தாங்க்ஸ் சொல்லிவிட்டு மறந்துபோவார். இத்தனை வருஷம் பாலூட்டி வளர்த்த பகைக்கு ஒரு தாங்க்ஸா! பெயரும் வாங்க வேண்டும், பழியும் வாங்க வேண்டும். இரண்டும் ஒரே பிளக்கில் எப்படி மாட்டுவது? கம்பியைப் பிடித்த கை அப்படியே நின்றது.

அப்போது அவருக்குத் தன் ஷெட்டின் மூலை ஞாபகம் வந்தது. வெளிநாட்டு மெஷின் ஒன்றோடு வந்து, தொழிற்சாலை ஏலத்தில் அவர் எடுத்த டிரான்ஸ்பார்மர். வோல்ட்டைப் பாதியாக இறக்கும் ஜாதி. கன்றுக்குட்டி கனம். எதற்கு வாங்கினோம் என்று அவரே மறந்திருந்தார்.

எழுந்து நின்றார். ஸ்க்ரூடிரைவரை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு, கடைசி வீடு வரை கேட்கும் ஹிந்தியில் சொன்னார்: "ஸப்னிஸ் சாகேப், இதை அப்படியே மாட்டினால் ஒரே நிமிஷத்தில் தகனம்." தகட்டைக் காட்டினார். ஸப்னிஸ் குனிந்து படித்தார். அவர் நிமிர்ந்து சுந்தரமூர்த்தியைப் பார்த்த பார்வையைப் பட்டாபிராமன் பிரேம் போட்டு மாட்டியிருப்பார்.

"அடாப்டர் இருக்குங்களே சார்?" சுந்தரமூர்த்தியின் குரல் சுருதி இறங்கியது.

"அது பின்னை மாத்தும் சார், கரண்டை மாத்தாது. லாப்டாப் எந்த ஊர்த் தண்ணியும் குடிக்கும். இது பச்சைக் குழந்தை. நம்ம கரண்டைக் குடிச்சா வாய் வெந்துடும்."

"இப்ப என்ன சார் பண்றது?"

ஊர் முன்னால், அதுவும் மாருதிக்கு ஓரடி தள்ளி நின்று, அந்த மனிதர் இந்தக் கேள்வியைக் கேட்டார். பட்டாபிராமன் அந்தக் கேள்வியை, வாயில் போட்ட கற்கண்டைக் கடிக்காமல் வைத்திருப்பது போல வைத்திருந்தார்.

"எங்கிட்ட ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கு."

"குடுங்க சார், ரெண்டு பேரு தூக்கிட்டு வந்துடறோம்."

"ஐயோ, அது நகராது. தரையோட போல்ட் போட்டிருக்கு. ஒயர் வேணும்னா சுவர் தாண்டி வரட்டும்."

அன்று மத்தியானம் ருக்மிணி கண்ணயர்ந்த நேரத்தில் அவர் ஷெட்டுக்குப் போய், தரையில் துளை போட்டு, டிரான்ஸ்பார்மரை நான்கு போல்ட்டால் இறுக்கினார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா?

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் சொர்க்கமாயின. ஆரஞ்சு ஒயர் இவர் ஷெட்டிலிருந்து கிளம்பி, மதிலேறி அந்தப் பக்கம் இறங்கும். இவர் மதிலோரம் நாற்காலி போட்டு, ஸ்விட்ச்போர்டை ஸ்டூலில் வைத்துக்கொண்டு உட்காருவார். "சார், ஸ்விட்ச்!" என்று அங்கிருந்து குரல் வரவேண்டும். ஒரு தடவை வந்தால் இவருக்குக் கேட்காது. மூன்றாம் தடவை "கொஞ்சம் தயவு பண்ணுங்க சார்" என்று வந்தால் கேட்கும். ஒயர் எட்டிய மட்டும் மெஷின் ஓடி, முளையில் கட்டிய மாடு மேய்ந்தது போல அரைவட்டமாக வெட்டியது. அதற்கப்பால் புல் இடுப்புயரம் நின்றது. ஒயரை நீட்டலாமா என்று சுந்தரமூர்த்தி கேட்டார். "நீட்டினா வோல்டேஜ் இறங்கிடும் சார்" என்று டாக்டர் மாதிரி தலையாட்டினார் பட்டாபிராமன். வேறு டிரான்ஸ்பார்மர் வாங்கி வருவதாகச் சொன்ன சந்துரு ஒவ்வொரு வாரமும் மறந்தான். வெட்டும் வரிசை பாதியில் இருக்கும்போது, தோன்றினால், பட்டாபிராமன் ஸ்விட்சைத் தட்டிவிடுவார். "லோட் ஷெடிங், மேனேஜர் சார்! நம்ம ஊர் லட்சணம் இதுதானே!" அந்த வருஷம் புனேயில் தினம் மின்வெட்டு, அதைச் சந்தேகிக்க யாருக்கும் காரணமில்லை. சுந்தரமூர்த்தி தலையில் துண்டோடு, கைப்பிடியை விடாமல், அவர் மனம் இரங்கும்வரை வெயிலில் நிற்பார்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறும் அப்படித்தான். அரைவட்டம் முக்கால்வாசி முடிந்திருந்தது. பட்டாபிராமன் ஒரு விரலால் ஸ்விட்சைத் தட்டினார். மெஷின் உறுமி அடங்கியது. "லோட் ஷெடிங்!" என்று சுகமாகக் குரல் கொடுத்து, செய்தித்தாளை உதறி விரித்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால், கரண்ட் போன வீட்டின் சமையலறையில், ருக்மிணியின் மிக்ஸி அலறியது.

சட்னி அரைக்கிற நேரமில்லை அது. சமையல் முடிந்து வெகுநேரமாகியிருந்தது. தேங்காயோ மிளகாயோ அரைபடும் சத்தமும் இல்லை. காலி ஜார் போலக் கணகணவென்று, முழு வேகத்தில், நிற்காமல் அலறியது. "ருக்கூ!" என்றார். நிற்கவில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் சுந்தரமூர்த்தி தலைத்துண்டைக் காதை விட்டு விலக்கி, மிக்ஸிச் சத்தத்தை ஒரு கணம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கைப்பிடியை விட்டார். குனிந்து, புல்லிலிருந்து ஆரஞ்சு ஒயரைக் கையிலெடுத்தார். கிணற்றுக் கயிற்றை இழுப்பது போல முழம் முழமாகக் கையில் சுற்றிக்கொண்டே, நிதானமாக மதிலை நோக்கி நடந்து வந்தார். ஒயர் மதில்மேல் விறைத்தது. ஸ்டூல் மேலிருந்த ஸ்விட்ச்போர்டு ஓரங்குலம் மதில் பக்கம் நகர்ந்தது. பட்டாபிராமன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.