கிரகணம் விடாத தெரு

அந்தப் பத்திரிகை ஆபீசில் அவருக்குக் கத்தரி என்றே பெயர். எவ்வளவு நீளமான செய்தியானாலும் கொடுத்த இடத்துக்குள் வெட்டி உட்கார வைத்துவிடுவார். மறுநாள் பிடிக்கவிருந்த சூரிய கிரகணத்தைப் பற்றிய செய்தியையும் அவர்தான் வெட்டினார். வானியல் நிலையம் அனுப்பிய பதினான்கு வரியை ஆறாக்க வேண்டும். 'சூரியனை வெறுங்கண்ணால் நேராகப் பார்த்தால் பார்வை கெடலாம்' என்றிருந்ததை, 'கிரகண வெளிச்சம் பட்டால் பார்வை போகும்' என்று சுருக்கி, அதையே தலைப்பாக்கினார். அப்படியும் ஒரு வரி மிஞ்சியது. கிரகணம் எத்தனை மணிக்கு விடும் என்ற கடைசி வரி. அதையும் நறுக்கிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மறுநாள் காலையில் ரேடியோ அதை அப்படியே படித்தது. டிவிக்காரர்கள் தங்கள் பங்குக்குத் தோலும் வெந்துபோகும் என்று சேர்த்துக்கொண்டார்கள். பத்து மணிக்கு வானியல் நிலையத்து அம்மா போன் செய்தார்.

"வெளிச்சம் பட்டா ஒண்ணும் ஆகாதுங்க. நாங்க அனுப்பினதை முழுசாப் படிச்சீங்களா?"

கத்தரி போனை வைத்துவிட்டு ஆசிரியரிடம் ஓடினார்.

"நாளைக்குத் திருத்தம் போட்டுடலாம்யா. தலையா போச்சு?" என்றார் ஆசிரியர். சொல்லிக்கொண்டே ஜன்னல் திரையை இறுக்கி இழுத்துவிட்டார்.

நாளை வரை பொறுக்க முடியாமல், வீட்டில் இருப்பவர்களுக்காவது சொல்லிவிடலாம் என்று கத்தரி கிளம்பினார்.

பகல் பதினொன்றரை. தெருவில் ஈ காக்கை இல்லை. வெயில் அடித்தது, ஆனால் சுடவில்லை. வெளிச்சம் பழைய தகரம் மாதிரி மங்கிக்கொண்டே வந்தது. மரத்தடியில் விழுந்த ஒளிப்பொட்டுகள் எல்லாம் பிறை பிறையாக வளைந்திருந்தன, ஆயிரம் நகங்களை வெட்டிப் போட்ட மாதிரி. பறவைகள் பட்டென்று அடங்கின. வெளிச்சம் நுழையாமல் வீட்டுக்கு வீடு ஜன்னல் கண்ணாடியில் உள்ளிருந்து காகிதம் ஒட்டியிருந்தார்கள். எல்லாம் அவருடைய பத்திரிகை. அவர் எழுதிய தலைப்பு தெரு நெடுக அவரையே பார்த்தது.

தன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"யாரு?" மனைவியின் குரல் கதவுக்கு ரொம்பப் பக்கத்தில் கேட்டது.

"நான்தான். கதவைத் திற."

உள்ளே தாழ்ப்பாளை இன்னும் இறுக்கும் சத்தம் கேட்டது.

"அவர் இந்த நேரத்துல வெளிய வரமாட்டாரு. அவர்தானே அதை எழுதினாரு."

"ஐயோ, தப்பா எழுதிட்டேன்டி!"

"அவர் தப்பா எழுதமாட்டாரு," என்றது குரல். உள்ளே எதையோ இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுக்கும் சத்தம்.

ஒரு மணிக்குக் கிரகணம் விட்டது. வெயில் சுள்ளென்று உறைத்தது. ஒரு கதவும் திறக்கவில்லை. அவர் நடுத்தெருவில் நின்று, "விட்டுடுச்சு! வெளிய வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

"எப்ப விடும்னு பேப்பர்ல போடலையே சார்," என்று ஒரு காகித ஜன்னல் மரியாதையாகப் பதில் சொன்னது.

ரேடியோவும் டிவியும் அதற்குள் வேறு செய்திக்குப் போயிருந்தன. அவர் ஆபீசுக்குத் திரும்பித் திருத்தத்தை ஒரு வார்த்தை வெட்டாமல் எழுதினார். மறுநாள் காலை, அச்சாகி வந்த முதல் பேப்பர் கட்டில் ஒன்றை உருவிக்கொண்டு வந்து, வீட்டுக் கதவின் அடியில் தள்ளினார். உள்ளிருந்து மெல்ல இழுத்துக்கொண்டார்கள். மனைவி வாய்விட்டுப் படிப்பது கேட்டது. படித்து முடித்ததும், "நேத்து போட்டது தப்புன்னு போட்டிருக்கு," என்றாள். "அப்ப இன்னைக்குப் போட்டதும் தப்பா இருக்கலாம்ல?"

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு கதவடி இடைவெளியில் சின்ன விரல்கள் வெளியே வந்தன. அவர் மகளுடையவை.

"நீங்க அப்பான்னா, கண்ணு தெரியுதான்னு பாக்கறேன். எத்தனை?"

"மூணு. மோதிர விரல் நகத்தைக் கடிச்சு வச்சிருக்கே."

முட்டுக் கொடுத்ததை நகர்த்த அம்மாவும் பெண்ணும் வெகுநேரம் எடுத்துக்கொண்டார்கள். கதவு திறந்ததும் மனைவி அவர் முகத்தைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி, ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தாள். திட்டக்கூட இல்லை.

மகள் மட்டும் வாசலைத் தாண்டவில்லை. எதிர் வரிசை வீடுகளைப் பார்த்து, "அவங்களை யாருப்பா கூப்பிடுவா?" என்றாள்.

கத்தரி எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எதிர் வீட்டுக் கதவடியில் குனிந்து, "விரலைக் காட்டுங்க, எத்தனைன்னு சொல்றேன்," என்றார்.