சுவரோரத்துச் செடிகள்

ஜோஸ்லின் மண்ணில் தண்ணீரை ஊற்றி, அது ஊறும்வரை காத்திருந்து, அடுத்த செடியை வேரோடு இழுத்தாள். அப்பா சத்தியசீலன் காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நாலு மணிக்கு உடலைக் கொண்டுவருவார்கள். வடக்கே, துவாரகா குடியிருப்பின் இந்தத் தரைத்தள வீட்டில், பெட்டியை வைத்து ஜெபம் பண்ண முன்தோட்டத்தை விட்டால் வேறு இடமில்லை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு மாத மழையில் அங்கே இடுப்புயரத்துக்குப் பார்த்தீனியக் களை மண்டியிருந்தது.

அண்ணன் பிராங்ளின் கேட்டைத் திறந்துகொண்டு வந்தான்.

"இன்னுமா? டென்ட்காரன்ட்ட புல்லு வெட்டுற மெஷின் இருக்கு. ஜல்தி முடிச்சிருவான்."

"வேண்டாம்ணே. வெட்டுனா பூத்தூள் பறக்கும். அம்மாவுக்கு மூச்சு இழுத்துரும். அடக்கத்துக்குக் கிளம்புற வரைக்கும் இங்கதான உக்காரணும்?"

அவன் கேட்டைச் சாத்திவிட்டுப் போனான்.

ஜோஸ்லின் முகமூடியும் கையுறையும் போட்டிருந்தாள். வெள்ளைப் பூ வைத்த செடிகளை உதறாமல் மடக்கி, கறுப்புப் பைகளில் திணித்துக் கட்டினாள். சுவரோரத்தில் இருந்தவை சிறியவை, பூக்காதவை. கொத்தாகப் பிடித்தாலே கையோடு வந்தன; அவற்றையும் பைகளில் போட்டாள். கடைசி இரண்டில் கை நின்றது. பார்த்தீனிய இலைபோலத்தான், ஆனால் கொஞ்சம் தடித்திருந்தது.

"யம்மா, இங்க கொஞ்சம் வாங்க."

அல்போன்சா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள், காலையிலிருந்து அழவில்லை. குனிந்து, ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தாள்.

"செவந்தி. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்துன நாளு உங்கப்பா நட்டது. கிறிஸ்மஸுக்குப் பூக்கும்னு சொன்னாவ. இருபது குச்சி வச்சாவளே, மத்ததெல்லாம் எங்க?"

ஜோஸ்லின் பைகளைப் பார்த்தாள். முடிச்சை அவிழ்த்தால் பூத்தூளும் சேர்ந்து கிளம்பும். அம்மா பக்கத்திலேயே நின்றாள்.

"மழையில அழுகியிருக்கும்மா."

அல்போன்சாவும் பைகளைப் பார்த்தாள். பிறகு அந்த இரண்டு செடிகளைச் சுற்றி மண்ணை அணைத்துவிட்டாள்.

"கையக் கழுவிட்டு வா" என்றாள்.

நாலு மணிக்கு ஆம்புலன்ஸ் பின்னோக்கி வந்து கேட்டருகே நின்றது. பிராங்ளின் பைகளைக் கேட்டுக்கு வெளியே தள்ளி வழிவிட்டான். நான்கு பேர் பெட்டியைத் தூக்கிவந்து சுவரை ஒட்டி இறக்கப் போனார்கள்.

"தோடா இதர், பையா" என்று அல்போன்சா, செடிகளை விட்டுக் கொஞ்சம் இந்தப் பக்கம் வரும்படி இந்தியில் சொன்னாள்.

அவர்கள் ஒரு சாண் தள்ளி இறக்கினார்கள்.