பழைய சிறைச்சாலையில் ஒரு போட்டோ

டமார்!

பழைய சிறைச்சாலையின் கூரையில் இருந்த புறாக்கள் அத்தனையும் படபடவென்று கிளம்பின. கம்பிக் கதவுக்குள் நின்றவர் ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். கைதி மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ளும் ஆசையில் தானே இழுத்துச் சாத்திய கதவு அது. வெளியே, அவருடைய போனைக் கையில் பிடித்தபடி மனைவி.

"எடுத்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் தள்ளினார். அசையவில்லை. தோளைக் கொடுத்து முட்டினார். ம்ஹூம். கம்பி வழியாகக் கையை விட்டுத் துழாவினார். தாழ்ப்பாள் சுவரின் மறுபக்கம் எங்கேயோ இருந்தது. எட்டவில்லை.

மனைவி நாலு மாதமாக அவளுடைய அண்ணன் வீட்டில் இருக்கிறாள். "ஒரே ஒரு நாள் என்கூட ஊர் சுத்திப் பார்க்க வா. சாயங்காலம் எந்த வீட்டுக்குப் போகத் தோணுதோ, அங்கேயே போ" என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சித்தான் அழைத்து வந்திருந்தார்.

மச்சான் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'ரேடியோ'. காலையிலிருந்து ரேடியோ ஓயவில்லை. கோட்டை வாசலில் இருந்த பலகை முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டினார். மணிக்கூண்டில் வழிகாட்டிக்கே சரித்திரம் சொன்னார். "எங்கயாவது உட்கார்ந்து பேசலாமாங்க?" என்று அவள் கேட்டபோதெல்லாம், "பேசலாம், பேசலாம். மியூசியத்தை மூடிடுவான், முதல்ல அதைப் பார்த்துடுவோம்!" என்று நடையைக் கட்டினார்.

"நான் ஏன் வீட்டை விட்டுப் போனேன்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?" என்றாள் அவள், கம்பிக்கு வெளியே நின்றபடி.

"அட, இதுவா அதுக்கு நேரம்? ஓடிப்போய் வாட்ச்மேனைக் கூட்டிட்டு வாம்மா. அப்புறம் விடிய விடியப் பேசு, கேட்கிறேன்."

அவள் போன் திரையை அணைத்தாள். பிறகு, "சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போனவள் வரவில்லை. சுற்றுலா வந்த ஒரு குடும்பம்தான் வந்தது.

"என்ன சார், கொலையா கொள்ளையா?" என்றார் குடும்பத் தலைவர்.

"கதவு மாட்டிக்கிச்சுங்க. கொஞ்சம் இழுத்துப் பாருங்களேன்."

அவரும் இழுத்துப் பார்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டார். குடும்பத் தலைவரின் மனைவி தன் குழந்தையைப் பின்னால் இழுத்தாள். "கிட்டப் போகாதடி, மாமா கடிச்சிடுவார்!" சிரித்தபடியே, ஏஜெண்டை நடுவில் வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

ஏஜெண்ட் கம்பியில் முகத்தை அழுத்தினார். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சுவர்தான் திருப்பிச் சொன்னது. பேசுவதற்கு ஆள் இல்லாமல் போனபோதுதான் அவள் கேட்ட கேள்வி உள்ளே இறங்கியது. ஏன் போனாள்? யோசித்து யோசித்துப் பார்த்தார். உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. வந்ததும் முதல் வேலையாகக் கேட்டுவிட வேண்டும் என்று கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

தெருக்கோடியில் பஸ் ஒன்று ஹாரன் அடித்து, உறுமிக்கொண்டு கிளம்பியது. அந்தச் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகு, வாட்ச்மேன் ஆடி அசைந்து வந்தார். சுவர் ஓரம் கையை விட்டுத் தாழ்ப்பாளின் கொக்கியை ஒரே விரலால் தூக்கினார். கதவு திறந்துகொண்டது.

"அவ எங்கய்யா?"

வாட்ச்மேன் அவருடைய போனை நீட்டிச் சிரித்தார்.

"பஸ் கிளம்புற சத்தம் கேட்டதுக்கு அப்புறம்தான் உங்களைத் திறந்து விடணும்னு, அந்தம்மா சொல்லிட்டுப் போனாங்க சார். ஏதாச்சும் பந்தயமா?"