கறுப்பு பூசுறதுக்கு முன்னாடி

செத்தவங்களுக்கு முகம் போடுறது என் வேலை. தோலை உரிச்சு, எலும்புக்குத் துணையா குச்சி வச்சுக் கட்டி, நாணல் அடைச்சு, மேல களிமண் அப்பி, கடைசியா கறுப்பு பூசணும். பூசுறதுக்கு முன்னாடி சொந்தத்துல ரெண்டு பேர் பார்த்து "இவன்தான்"னு சொல்லணும். குழந்தைன்னா பெத்தவங்க. ஒருத்தர் சொல்லலேன்னாலும், நாங்க இடம் மாறும்போது அந்த உடம்பு எங்களோட வராது, மணலுக்குள்ள போயிடும்.

என் தம்பி கோட்டுவோட பொண்டாட்டி ஆசிலாவுக்கு ஏழாம் மாசமே பிள்ளை பிறந்துச்சு. மூச்சே இல்ல. கடல்ல மீன் குறைஞ்சுபோச்சு, அடுத்த ஆத்து முகத்துக்கு நாங்க கிளம்ப நாலே நாள்தான் இருந்துச்சு.

"ஏற்கெனவே செத்தவங்க எட்டுப் பேரைச் சுமக்கணும்"னான் கோட்டு. "மூச்சு விடாததுக்கு முகம் எதுக்கு? நான் அதைப் பார்க்கக்கூட இல்ல."

"நான் சுமக்குறேன்"னா ஆசிலா.

"நீ எழுந்து நடந்தாலே பெரிசு."

எனக்கும் எரிச்சல்தான். நாலு நாள்ல எந்தக் களிமண்ணு காயும்? "போடி, வேலையத்தவளே"ன்னேன். அவ தன் தலைமுடியைச் சிப்பியால அறுத்து என் மடியில போட்டா.

"அவனுக்கு முடியே முளைக்கல மதினி. இதை வச்சு விடு."

சரின்னுட்டேன்.

சின்ன உடம்பு, வேலை கம்மின்னு நினைக்காதீங்க. விரல் நுழையாத இடத்துல எல்லாம் முள்ளை வச்சுச் செய்யணும். மூணாம் நாள் முகம் முடிஞ்சுது. ஆசிலா பார்த்தா, "இவன்தான்"னா. கோட்டு மட்டும் கரையிலயே நின்னான்.

"வாடா இங்க."

"பார்க்காதவன் எப்படிக்கா சொல்றது?"

"அப்போ மணல்ல போட்டுரட்டுமா?"

வந்தான். குனிஞ்சு பார்த்தான்.

"மூக்கு தப்பு"ன்னான்.

"என்னடா தப்பு?"

"நீ நேரா வச்சிருக்க. அவனுக்கு இடது பக்கம் கொஞ்சம் அமுங்கியிருந்துச்சு. காதும் இவ்ளோ பெரிசு இல்ல."

நானும் ஆசிலாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். பார்க்கவே இல்லன்னவன் காது வரைக்கும் பார்த்து வச்சிருக்கான், பாவிப்பய. திட்டணும்னு வாயெடுத்தேன், அழுகைதான் வந்துச்சு.

கட்டைவிரலை நனைச்சு அவனே மூக்கை அமுக்கினான். காதை வழிச்சான். என் மூணு நாள் வேலையைக் கெடுத்துட்டான்னு சொல்லலாம். நான் தடுக்கல.

"இப்ப சொல்லு"ன்னேன்.

"இவன்தான்."

கறுப்பு பூசினேன்.

கிளம்புற அன்னைக்கு கோட்டு பிள்ளையை எடுத்து நெஞ்சோட கட்டிக்கிட்டான். "எங்கிட்ட குடு"ன்னு ஆசிலா கை நீட்டினா.

"அப்புறம் தர்றேன்"னான்.

ஆறு நாள் நடந்தோம். ஒரு தடவைகூட அவன் கொடுக்கல.