அக்கா விதை, தங்கை விதை

கள்ளி இனத்தில் இரண்டு களைகள் உண்டு. கிள்ளினால் இரண்டிலும் பால் வரும். எங்கள் விதைப் பரிசோதனை அறையில் ஒன்றை அக்கா என்போம், மற்றதைத் தங்கை என்போம். அக்காவின் விதை பழுப்பு நிறம், மேலே வலை போட்டதுபோல் வரிகள். தங்கையின் விதை சாம்பல் நிறம், ஊசியால் குத்தியதுபோல் குழிகள். தங்கை எல்லா வயலிலும் இருப்பாள். சலித்து எடுத்துவிட்டால் போதும். அக்காவுக்குத் தடை. ஒரு விதை கிடைத்தாலும் மொத்த மூட்டைகளையும் எரிக்க வேண்டும்.

கேரட் விதை பயிரிடும் ஒருவரின் மாதிரியில் நான்கு களை விதைகள் கண்டேன். பழுப்பாகத் தெரிந்தன. அக்கா என்று எழுதினேன். அவருடைய ஓராண்டு விளைச்சல் எரிந்தது.

வழக்கப்படி அந்த நான்கையும் தொட்டியில் போட்டு வைத்திருந்தேன். மூன்று வாரத்தில் ஒன்று இலை விட்டது. அக்காவின் இலை ஓரம் ரம்பம்போல் இருக்கும். இது வழவழப்பாக இருந்தது. மற்ற மூன்றும் அப்படியே வந்தன. நான்கும் தங்கைதான்.

பொடி விதையை எடுக்க நாங்கள் எல்லோரும் விரல் நுனியை நாக்கில் தொட்டுக்கொள்வோம். எச்சில் பட்டால் தங்கையின் சாம்பல் நிறம் கறுத்துப் பழுப்பாகும், குழிகள் நீர் நிறைந்து மறையும். காயவிட்டுப் பார்க்க வேண்டும். அன்று நான் காயவிடவில்லை.

"செடியைப் பிடுங்கிப் போடுங்கம்மா," என்றார் மேலாளர். "எரிஞ்ச மூட்டை திரும்பியா வரப்போகுது? வாயை மூடிக்கிட்டிருந்தா உங்க வேலையாவது மிஞ்சும்."

"அந்த விவசாயி பொண்டாட்டிகிட்ட பேசறதையே நிறுத்திட்டாராம் சார். களை எடுத்தது அவங்கதானாம். மூட்டை ஏத்திப் போன லாரிக்காரர் சொன்னாரு."

"அது அவங்க வீட்டுச் சண்டை."

கடவுளுக்குப் பயந்தவள் நான். ஆனாலும் இரண்டு நாள் மேலாளருக்குத்தான் பயந்தேன். மூன்றாம் நாள் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

விவசாயி வாசலிலேயே நின்று நான் சொன்னதைக் கேட்டார். தொட்டியைப் பார்க்கவில்லை.

"இதைச் சொல்லத்தான் வந்தீங்களா? ரொம்ப சந்தோஷம். போயிட்டு வாங்க."

பின்னால் இருந்த சாமான் கொட்டகையிலிருந்து அவர் மனைவி வந்தார். மூன்று வாரமாக அங்கேதான் படுக்கையாம். விரல்கள் முழுக்க வெடிப்பு.

"தடை செஞ்ச களை உங்க வயல்ல இல்லவே இல்லைம்மா. தப்பு என்னோடது."

அந்த அம்மா தொட்டியை வாங்கி இலை ஓரத்தைத் தடவினார். "தினமும் வரிசை வரிசையா நடந்து பார்த்தேன், எங்க விட்டேன்னு. என் கண்ணையே நான் நம்பறதில்ல இப்ப."

"எழுதித் தர்றேன்."

நடந்ததை எழுதி, கீழே பெயரும் பதவியும் போட்டேன். அந்தப் பதவி இனி அதிக நாள் இருக்காது என்று தெரிந்தே போட்டேன். கணவர் அதை வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"சாப்பிட்டியா?"

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?"

கணவர் படியில் உட்கார்ந்தார். அந்த அம்மா உள்ளே போய் இரண்டு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். ஒன்றை என் கையில் கொடுத்தார். மற்றதை, முகத்தைப் பார்க்காமலே, கணவர் பக்கத்தில் வைத்தார்.